யாரும் அழுத்தாத பொத்தான்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், காவிரிப் படுகைக் கூட்டுறவு இணையதள மன்றம் இயங்கி வந்தது. படுகை முழுவதும் பரவிக் கிடந்த நாற்பத்தொரு சங்கங்களின் இணையதளங்களைப் பாதுகாப்பது அதன் பணி. யாரிடமிருந்து பாதுகாக்க வேண்டும் என்று விதிகளில் சொல்லப்படவில்லை. ஆகவே மன்றம் எல்லாரையும் சந்தேகித்தது. அதில் பாகுபாடு கிடையாது. தபால்காரர்கூடப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் தபால் கொடுக்க வேண்டும்.

அந்த நாற்பத்தொரு தளங்களையும் உண்மையில் பார்த்துக்கொண்டவள் கயல்விழி. பாபநாசம் பக்கம் ஊர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளை எம்.சி.ஏ. படிக்க வைத்தவர்கள். முப்பத்தொரு வயதில், மன்றத்தின் ஒப்பந்தப் பராமரிப்பாளர் என்ற பெயரில், ஜன்னலோரத்து மேசை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. ஜன்னல் திறக்காது. பாதுகாப்புக்காக ஆணி அடித்திருந்தார்கள்.

ஒரு இணையதளத்தை யாரும் அடியிலிருந்து நுனிவரை தானே கட்டுவதில்லை. விண்ணப்பப் படிவத்துக்கு ஒன்று, படங்கள் ஓடுவதற்கு ஒன்று என்று எங்கெங்கோ இருப்பவர்கள் செய்து வைத்த துண்டுகளை எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள். அதற்குப் பிளகின் என்று பெயர். செய்தவர் அவ்வப்போது அதைத் திருத்திப் புதிதாக அனுப்புவார். ஒரு பொத்தானை அழுத்தினால் பழையது எழுந்து போய்ப் புதியது வந்து உட்காரும். சில சமயம் ஒழுங்காக உட்காரும்.

சில சமயம் உட்காராது என்பது கயல்விழிக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வரும் ஒவ்வொன்றோடும் ‘சிறு மேம்பாடுகள்’ என்று ஒரு குறிப்பு வரும். அந்த இரண்டு சொற்களை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. ஒரு சிறு மேம்பாடு உரச் சங்கத்தின் அறிவிப்புத் தேதிகளையெல்லாம் 1970 ஜனவரிக்கு அனுப்பிவைத்தது. இன்னொன்று மயிலாடுதுறைச் சங்கத்தின் தமிழையெல்லாம் கேள்விக்குறிகளாக மாற்றியது. அதனால் எதையும் முதலில் நகல் எடுத்து வைப்பாள், ஒத்திகைத் தளத்தில் ஓட்டிப் பார்ப்பாள், அப்புறமும் பொத்தானை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து அழுத்தியும் மாசி மாதத்தில் ஒரு நாள் தவறு நடந்துவிட்டது. படங்கள் ஓடும் பிளகினின் புதிய பதிப்பு எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்கு வெட்டியது. மற்ற படங்கள் அகலமானவை, பிழைத்துக்கொண்டன. மன்றத் தலைவரின் படம் மட்டும் சுவரொட்டிக்காக எடுத்த நெட்டைப் படம். நாற்பது நிமிடம், நாற்பத்தொரு தளங்களிலும், தலைவர் கழுத்திலிருந்து இடுப்புவரை மட்டும் காட்சி தந்தார். பொதுமக்களில் ஒருவர்கூட வித்தியாசத்தைக் கண்டதாகப் புகார் சொல்லவில்லை. தலைவரை மிகவும் புண்படுத்தியது அதுதான் என்று மன்றத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே பதினான்காம் எண் சுற்றறிக்கை வந்தது. இனி மன்றத்திலிருந்து எந்தப் புதுப்பித்தலும் முன் அனுமதியின்றி நடக்கக் கூடாது. அனுமதி தருவதற்குப் புதுப்பித்தல் ஒழுங்குமுறைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. செயல் அலுவலர் துரைராசு அதன் தலைவர். தணிக்கை அலுவலர் ராஜராஜன் உறுப்பினர். இருவரும் ஒருவரையொருவர் கண்காணிப்பதற்காக நியமிக்கப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டது. அந்த வேலையை மட்டும் இருவரும் குறைவில்லாமல் செய்தார்கள். ஒருவர் டீ குடிக்கப் போனால் மற்றவரும் கூடவே போவார்.

ஆடி பிறந்த இரண்டாம் நாள் அந்த எச்சரிக்கை வந்தது. விண்ணப்பப் படிவங்களுக்கான பிளகினில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து தளத்தின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம், உடனே புதுப்பியுங்கள் என்று அதைச் செய்தவரே அறிவித்திருந்தார். நாற்பத்தொரு தளங்களிலும் அதே பிளகின்தான். சம்பாவுக்கான விதைநெல் முன்பதிவு அப்போதுதான் தொடங்கியிருந்தது. பன்னிரண்டாயிரம் விவசாயிகள் பெயர், செல்பேசி எண், புல எண் எல்லாம் கொடுத்திருந்தார்கள். கயல்விழி அன்றே ஒத்திகைத் தளத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஒழுங்காக ஓடியது. குழுவுக்கு மனு எழுதினாள்.

மனுவுக்கு ஏழாம் எண் படிவம். மூன்று பிரதிகள். புதுப்பிக்கப்படுவதன் பெயர், தந்தை பெயர், நிரந்தர முகவரி, இதற்கு முன் எங்கிருந்தது, அங்கிருந்து வெளியேறிய காரணம். தந்தை பெயர் என்ற இடத்தில் அவள் ‘பொருந்தாது’ என்று எழுதினாள். பூர்வீகம் மறைக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பு எழுதி ராஜராஜன் திருப்பி அனுப்பினார்.

நான்காம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். துரைராசு அவளை உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருடச் சேவையில் ஒரு குற்றச்சாட்டும் இல்லாதவர். எதையும் செய்ததில்லை என்பதால் அது சாத்தியமாகியிருந்தது.

“இப்ப அது ஓடுதா இல்லையாம்மா?”

ஓடுகிறது என்றாள் கயல்விழி.

“ஓடுறத எதுக்கு மாத்தணும்? மாத்துனா யாருக்கு லாபம்? அத மொதல்ல சொல்லுங்க.”

அவள் ஓட்டையைப் பற்றி விளக்கினாள். துரைராசு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“ஓட்டை இருக்குன்னு யாரு சொன்னா?”

“செஞ்சவரே சொல்றாரு சார்.”

“ஆக, ஓட்டையோட குடுத்ததும் அவருதான், அடைக்கிறேன்னு வர்றதும் அவருதான். அதுவும் காசில்லாம. வெளிநாட்டுல இருக்குற ஒருத்தரு, திருவிடைமருதூர் விவசாயிக்குக் காசில்லாம வேலை பாக்குறாரு. அத நம்பி நான் கையெழுத்துப் போடணும், அப்படித்தானே?”

அந்தக் கேள்வியைக் கயல்விழியே தனக்குள் சில தடவை கேட்டுக்கொண்டது உண்டு. நியாயமான சந்தேகம் அநியாயமான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

ராஜராஜன் அதைவிட ஆழமாகப் போனார். இப்போது இருக்கும் பதிப்பின் எண் 5.8.3. வரப்போவது 5.9.1. நடுவில் இருந்தவை எங்கே போயின என்று கேட்டார். சிலவற்றை அவர்கள் வெளியிடவே இல்லை, சில வந்தபோது அனுமதி கிடைக்கவில்லை என்று அவள் சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஏழு எண்கள் காணாமல் போயிருப்பதாகவும் பொறுப்பானவர்கள் யார் என்று தெரியும்வரை எட்டாவதை உள்ளே விட முடியாது என்றும் கோப்பில் பதிந்தார். பிளகினைச் செய்தவர் அசல் ஆவணங்களுடன் பதினைந்து நாளுக்குள் நேரில் ஆஜராக வேண்டும் என்று பதிவுத் தபால் ஒன்றும் போனது. தூய தமிழில் எழுதியிருந்தார்கள்.

பதில் வரும்வரை சும்மா இருந்ததாகப் பேர் வரக் கூடாதென்று குழு களஆய்வுக்குக் கிளம்பியது. பிளகினைப் புதுப்பிப்பதற்கு முன் அது இருக்கும் நிலையில் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு. வேன் திருவிடைமருதூர் சங்கத்துக்குப் போனது. கயல்விழியையும் கூட்டிப்போனார்கள். பின் இருக்கையில் அவளுக்கும் பொத்தானுக்கும் நடுவில் எப்போதும் ஒருவர் இருக்கும்படி ராஜராஜன் பார்த்துக்கொண்டார். பொத்தான் அப்போது முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

அந்தச் சங்கத்தின் செயலாளர் நல்லக்கண்ணு பயந்த சுபாவம் உள்ளவர். பிளகினைக் காட்டுங்கள் என்றதும் அவருக்கு வியர்த்துவிட்டது. தனக்குத் தெரிந்து அப்படி ஒரு சரக்கு சங்கத்துக்கு வரவே இல்லை, வேண்டுமானால் கிடங்கைத் திறந்து காட்டுகிறேன் என்று சாவியை எடுத்தார். குழு கணினியின் பின்பக்கம் போய்ப் பார்த்தது. மின்பலகையில் மூன்று செருகப்பட்டிருந்தன. ‘மூன்று பிளக்குகளும் உறுதியாக உள்ளன, ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை’ என்று மகஜர் எழுதி நல்லக்கண்ணுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவை மின்சாரத்துக்கானவை என்று கயல்விழி சொன்னபோது, அதைத் தனிப் படிவத்தில் எழுதி விண்ணப்பிக்கும்படி சொல்லப்பட்டது. புறப்படும்போது யாரும் ரகசியமாக அழுத்திவிடாதபடி கணினியின் மவுஸ் மீது தாள் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் கயல்விழிக்கு ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது. நாளை ஏதாவது நடந்தால், விரல் யாரை நோக்கி நீளும்? அன்றிலிருந்து அவள் தன் மனுக்களையும் அவர்களுடைய குறிப்புகளையும் தேதி வாரியாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். எதிரே சிரித்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று வீட்டுக்குப் போய் யோசித்தாள். மன்றத்தின் வியாதி தன்னையும் பிடித்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தையும் அவளால் முழுதாக நம்ப முடியவில்லை.

எட்டாம் நாள் சுற்றறிக்கையை மறுபடி எடுத்து வரி வரியாகப் படித்தாள். ‘பராமரிப்பாளர் எக்காரணம் கொண்டும் பொத்தானை அழுத்தலாகாது’ என்று இருந்தது. பராமரிப்பாளர் மட்டும்தான். சங்கச் செயலாளர்கள் ஒவ்வொருவருக்கும் தத்தம் தளத்தில் நுழையத் தனி அனுமதி உண்டு. அவர்கள் அழுத்தக் கூடாதென்று ஒரு சொல்லும் இல்லை.

செல்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். முதலில் தரங்கம்பாடிக்குத் தெற்கே உள்ள மீனவர் சங்கத்தின் செயலாளர் காயாரோகணத்தைக் கூப்பிட்டாள். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். கணினியை ஒற்றை விரலால் ஓட்டுபவர். விஷயத்தைச் சொன்னாள்.

“அழுத்தலன்னா என்னாவும்?”

“யாரு வேணும்னாலும் உள்ள வரலாம்ண்ணே. படகுப் பதிவு, நிவாரணப் பட்டியல், எல்லாம் அவங்க கையில.”

“அழுத்துனா?”

“படிவம் ஒழுங்கா வேலை செய்யும்னு பாத்துட்டேன். ஆனா மன்றத்துலேருந்து உங்களக் கேள்வி கேப்பாங்க.”

“கேக்கட்டும். எந்த பட்டன்னு சொல்லும்மா,” என்றார் காயாரோகணம்.

அன்று மாலைக்குள் பதினேழு செயலாளர்கள் அழுத்தியிருந்தார்கள். இருபத்துநான்கு பேர் எழுத்துபூர்வமாக வந்தால்தான் முடியும் என்றார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நல்லக்கண்ணு அழாத குறையாக, மவுஸில் மூன்று கையெழுத்து இருக்கிறதம்மா, ஒன்று கிழிந்தாலும் எனக்கு வேலை போய்விடும் என்றார். சீல் வைத்த நாளிலிருந்து அவர் விசைப்பலகையை மட்டும் வைத்துச் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு அது நடந்தது. அந்த இருபத்துநான்கு தளங்களையும் கூகுளில் தேடியவர்களுக்கு, விதைநெல் முன்பதிவுக்குப் பதிலாக ரம்மி விளையாட அழைப்பு வந்தது. கயல்விழி பதறிப்போய் உள்ளே நுழைந்து பார்த்தாள். ஒவ்வொரு தளத்திலும் முழு அதிகாரத்தோடு புதிதாக ஒரு பெயர் இருந்தது. ‘உதவியாளர் 2’. அதைவிட அவளைத் திகைக்க வைத்தது இன்னொன்று. இருபத்துநான்கிலும் பிளகின் 5.9.1 ஆகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. உள்ளே வந்தவன், தனக்குப் பின்னால் வேறு எவனும் வந்துவிடக் கூடாதென்று ஓட்டையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். மொத்தமாக ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தான். வேலை சுத்தமாக இருந்தது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் அவசரக் கூட்டம். அதே நேரத்தில் ஆடுதுறைப் பக்கத்திலிருந்து தங்கம்மாள் என்ற விவசாயியும் வந்து சேர்ந்தார். மூன்று ஏக்கருக்கு விதைநெல் பதிந்திருந்தவர். முதல் நாள் சாயங்காலம் ஒருவன் போன் செய்து, அவர் பெயர், புல எண் எல்லாம் சரியாகச் சொல்லி, விதை வந்துவிட்டது, செல்லுக்கு வரும் நம்பரைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். சங்கத்திலிருந்து இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதில்லையே என்று சந்தேகப்பட்டு வைத்துவிட்டாராம். பக்கத்து வயல்காரருக்கும் அதே போன் வந்தது, அவர் நம்பரைச் சொல்லிவிட்டார். அவர் வங்கிக் கணக்கில் அன்றே கை வைத்துவிட்டார்கள். மன்றத்தில் தங்கம்மாளைக் கூட்ட அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே கயல்விழி நடந்ததைச் சொல்லி முடித்தாள். துரைராசு நிதானமாகத் தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். பதினேழு சங்கங்களில் விதியை மீறிப் பொத்தான் அழுத்தப்பட்டிருப்பதால் அந்தச் செயலாளர்களிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. மற்ற இருபத்துநான்கு சங்கங்களில், எவரும் பொத்தானை அழுத்தாமலே, எந்த விதியும் மீறப்படாமலே, புதுப்பித்தல் முழுமையாக நிறைவேறியிருப்பது மன்றத்தின் கட்டுப்பாட்டுக்குச் சான்று. அந்தச் செயலாளர்களுக்குப் பாராட்டு.

“சார், அது திருடன்,” என்றாள் கயல்விழி.

“திருடனா இருந்தா எதையாச்சும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். என்னம்மா கொறையுது? வச்சது வச்ச எடத்துல இருக்கு. போதாக்குறைக்கு ஒங்களால பன்னெண்டு நாளா முடியாத வேலைய ஒம்போது நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துருக்காரு. மனு இல்ல, படிவம் இல்ல, எங்களுக்கு ஒரு தொந்தரவு இல்ல. இந்த மாதிரி ஆளத்தான் நாங்க முப்பது வருஷமா தேடுறோம்.”

ராஜராஜன் தலையசைத்து, காணாமல் போன ஏழு எண்களைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றார்.

வாசலிலிருந்து தங்கம்மாள் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“என் நம்பர நான் ஒங்கள்ட்டதான் குடுத்தேன். அவன்ட்ட யாரு குடுத்தா?”

துரைராசு தங்கம்மாளின் முன்பதிவுச் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, இந்த எண் உண்மையிலேயே உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்.

கயல்விழி எழுந்து வெளியே வந்தாள். அனுமதி கேட்கவில்லை. தன் மேசையில் உட்கார்ந்து, இருபத்துநான்கு தளங்களிலிருந்தும் ‘உதவியாளர் 2’ என்ற பெயரை ஒவ்வொன்றாக நீக்கினாள். அவன் ஒளித்து வைத்தவற்றைத் தேடிப் பிடித்து எடுக்கவும், பழைய நகல்களை வைத்துப் பக்கங்களைச் சரிசெய்யவும் இரண்டு நாள் ஆயிற்று. எல்லாத் தளங்களிலும், போனில் யார் எந்த எண் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டாள். தங்கம்மாள் ஊருக்குத் திரும்பித் தனக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஏமாந்ததாக யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் கயல்விழிக்கு ஆணை வந்தது. சிறப்பாகப் பணியாற்றிய ஒருவரை முன்னறிவிப்பின்றியும் அவர் தரப்பைக் கேட்காமலும் நீக்கியதற்காக அவளுடைய ஒப்பந்தம் ரத்து. எல்லாக் கடவுச்சொற்களையும் ஒப்படைக்க வேண்டும். எழுதி, உறையில் போட்டு, கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்ததும் மூச்சு விடுவதற்கு இவ்வளவு இடம் இருக்கிறதா என்று தோன்றியது. அந்த வாரமே காயாரோகணம் மற்ற பதினாறு செயலாளர்களையும் கூட்டிப் பேசினார். பதினேழு சங்கங்களும் மன்றத்திலிருந்து விலகித் தளங்களை நேரடியாக அவளிடம் ஒப்படைத்தன. மன்றம் விலகலை ஏற்கவில்லை. விலகுவதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை.

ஆவணியில் நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. ‘உதவியாளர் 2’ என்ற பெயரில் மன்றத்துக்குச் சிறந்த சேவை புரிந்தவர், உரிய சான்றுகளுடன் நேரில் வந்து பணியில் சேரலாம்.

பத்து நாள் கழித்து கயல்விழி மயிலாடுதுறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது துரைராசு கூப்பிட்டார். குரலில் பழைய பிரியம் இருந்தது. நிபுணர் என்ற முறையில் ஒரு கருத்து வேண்டும் என்றார். விளம்பரத்தைப் பார்த்துப் பதினொரு பேர் நான்தான் அது என்று வந்திருக்கிறார்கள். பத்துப் பேர் கட்டுக் கட்டாகச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பத்துப் பேர்மீதும் சந்தேகம். ஒருவர் மட்டும் ஒன்றுமே கொண்டுவரவில்லை. கடவுச்சொற்களை மட்டும் கேட்டார்.

“குடுத்தீங்களா சார்?”

“கேட்ட ஒடனே குடுத்துருவோமா? ரெண்டு எடத்துல கையெழுத்து வாங்கிட்டுத்தாம்மா குடுத்தோம். இப்ப ஒங்க மேசையிலதான் ஒக்காந்துருக்காரு.”

கயல்விழி குத்தாலத்தில் இறங்கினாள். நிழல் பார்த்து நின்று தங்கம்மாளைக் கூப்பிட்டு, போன் வந்தால் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று ஆரம்பித்தாள்.

“இப்பத்தாம்மா வந்துச்சு,” என்றார் தங்கம்மாள். “வச்சுட்டேன். இந்தத் தடவ, மன்றத்துலேருந்து பேசுறேன்னு பொய் சொல்றான்.”

பொய் என்று கயல்விழியால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.